சொந்த டிசைன் வர குஜராத் வரை போகணுமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாக யூடியூப் பார்த்து மணி நகை செய்கிறாராம், கைவேலை சுத்தமாக வருகிறதாம், தெருவில் உள்ளவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்களாம், ஆனால் பார்த்துச் செய்வதைத் தாண்டி சொந்தமாக ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறதாம். இப்போது குஜராத்துக்கு எட்டு நாள் குழுப் பயணம் ஒன்று வருகிறது, படிக்கிணறு, அருங்காட்சியகம், கைவினைஞர்கள் ஊர் எல்லாம் காட்டி, பார்த்ததை மணி நகையாக்க சொல்லித் தருகிறார்களாம், 45,000 ரூபாய், முன்பணம் கட்ட மூன்று வாரம் இருக்கிறது, போகலாமா என்கிறார்.

போகலாமா என்றுதான் கேள்வி முடிகிறது. ஆனால் அதற்கு உள்ளே இருக்கிற கேள்வி வேறு. எனக்கெல்லாம் டிசைன் வருமா, இல்லை அது பிறக்கும்போதே வரணுமா, நாலு ஊர் பார்த்தவர்களுக்குத்தான் வருமா என்பதுதான் அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வரும். கோலம் போடத் தெரிந்த யாருக்கும் வரும், ஏன் என்று கீழே சொல்கிறேன். பயணம் உதவுமா என்றால், உதவும், ஆனால் போன இடத்தில் உட்கார்ந்து கையால் மாதிரி செய்தால் மட்டும். சுற்றிப் பார்த்துவிட்டு போட்டோவோடு திரும்பினால் உதவாது. இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

நான் தண்டையார்பேட்டை. பிளவுஸுக்கு ஆரி வேலை செய்துகொடுத்துத் தொடங்கியது, அப்புறம் சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ் என்று பொடிக் கண்ணாடி மணிகள் கைக்குப் பழகி, துணியை விட்டுவிட்டு மணி மட்டும் கோர்க்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் வீட்டில் சொல்லித் தருகிறேன். கண்ணாடி மணி, விதை மணி, நூல், பின்னல், இது என் எல்லை. ரத்தினக் கல், தங்கம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லும் பயணத்தை நடத்துகிறவரையும் நான் பார்த்ததில்லை, அதனால் அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லமாட்டேன்.

பல வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு குழுவில் நானும் குஜராத் போனேன். 24 பேர், ஒரு பஸ். காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம், சாயங்காலம் கடைத்தெரு. ராத்திரி ஓட்டலில் ஒரு மணி நேரம் வகுப்பு என்றார்கள், அதில் பாதி நேரம் மறுநாள் எத்தனை மணிக்குப் புறப்படணும் என்பதிலேயே போய்விட்டது. திரும்பி வந்தபோது போனில் 600 போட்டோ இருந்தது. மேசையில் உட்கார்ந்து அவற்றைப் புரட்டப் புரட்ட, எல்லாமே அழகாக இருந்ததே தவிர ஒன்றுகூட நகையாகவில்லை. ஒரு மாதம் அப்படியே போனது, என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், தூண், நிழல், ஆள், குப்பைத்தொட்டி எதையும் விடாது. டிசைனுக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று, மீதியை விடணும். எதை விடுவது என்பதை அந்த இடத்தில் நிற்கும்போதே முடிவு செய்யவில்லை என்றால், வீட்டுக்கு வந்தபிறகு முடிவு செய்ய முடியாது.

இரண்டு வருடம் கழித்து இரண்டு தோழிகளோடு சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறி, ஒன்றரை நாள் பயணம், திரும்பவும் அகமதாபாத் போனேன். இந்த முறை அடாலஜ் படிக்கிணறு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். 1499 வாக்கில் கட்டி முடித்தது, ஐந்து அடுக்கு கீழே இறங்கும், சுவர் முழுக்கச் செதுக்கல். முதல் தடவை நான் படமெடுத்தது அந்தச் செதுக்கலைத்தான். அதை 2 மில்லிமீட்டர் மணியில் கொண்டுவர நினைப்பது வீண் வேலை. இரண்டாவது தடவை படியிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டது வெளிச்சம். மேல்படியில் கல் வெளிறி, வறண்டு இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கு இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்து, கடைசியில் தண்ணீர் மட்டும் மினுக்குகிறது. நோட்டில் ஐந்து கட்டம் போட்டு ஐந்து நிறம் எழுதினேன், அவ்வளவுதான். கழுத்துக்குப் பின்னால் பளபளப்பில்லாத சந்தன நிற மணி, முன்னால் வர வர மண்நிறம், பழுப்பு, கரும்பழுப்பு, நடு நெஞ்சில் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்பு மணி ஒரு கைப்பிடி. அந்த மாலையைப் பார்த்த யாரும் கிணறு என்று சொன்னதில்லை, சொல்லவும் வேண்டாம். நான் இதுவரை செய்ததில் அதிகம் பேர் திரும்பக் கேட்ட நகை அது.

இதைச் செய்ய குஜராத் தேவையில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் நம்ம பக்கத்து உதாரணமே சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்களை முதல் மாதமே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போவேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஏலச் சத்தம், ஐஸ் தண்ணீர், மிதிபட்டுக்கொண்டே போகணும். எல்லாரும் ஆளுக்கு ஒரு பொருள் எடுக்கணும் என்பது ஒன்றே விதி. பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் ஒருத்தி நீலக்கால் நண்டை எடுத்தாள். மறு சனிக்கிழமை வந்தபோது ஒரு மாலை கொண்டுவந்தாள், முழுக்க நீலம். நண்டு என்றதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது அதன் பெயரும் நீலமும்தான். பார்க்கப் பள்ளிக்கூட அடையாள அட்டைக் கயிறு மாதிரி இருந்தது. அடுத்த வாரம் நண்டையே வாங்கி வரச் சொல்லி, தட்டில் வைத்து, நோட்டில் 20 கட்டம் போடச் சொன்னேன். கட்டத்தை நிரப்பணும், ஆனால் நண்டில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் நிரப்பணும். அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து எண்ணினாள். 11 கட்டம் பாசிபடிந்த மண்நிறம். 5 கட்டம் மங்கின வெள்ளை, அந்தப் புள்ளிகள். நீலம் 3. கொடுக்கு நுனியில் ஒரு கட்டம் ஊதா. அது மட்டுமில்லை, நீலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், காலும் கொடுக்கும் முடிகிற பக்கம்தான், நடு ஓட்டில் அவ்வளவாக இல்லை. சரி, அப்படியானால் மாலையிலும் நீலம் நுனிகளில் மட்டும் வரட்டும் என்று முடிவானது, கொக்கிக்குப் பக்கத்தில் கொஞ்சம், டாலருக்குக் கீழே தொங்கலில் கொஞ்சம். மண்நிறமும் வெள்ளையும்தான் உடம்பு. இரண்டு மாலையும் என் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன, புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

இந்த அளவுக் கணக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். இத்தனை வருடத்தில் இது பொய்த்ததை நான் பார்க்கவில்லை. நிறம் தப்பில்லை, அளவு தப்பு, நூற்றுக்குப் பெரும்பாலும் அதுதான் கோளாறு. (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நண்டு வரத்து குறைவாக இருக்கும். ஆனால் அப்போதுதான் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், முடிச்சு பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.)

இரண்டாவது, கோலம். உங்களுக்கு இடைப்புள்ளிக் கோலம் தெரியும்தானே? அப்படியென்றால் மணி வேலைக்கான கட்டம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. தறியில் நெய்கிற மணி வேலையில் மணிகள் ஒன்றுக்கு நேர்மேலே ஒன்று உட்காரும், அது நேர்ப்புள்ளி. பெயோட், பிரிக் ஸ்டிச் என்று தறி இல்லாமல் ஊசியால் பின்னுகிற முறை இரண்டிலும் இரண்டு மணிக்கு நடுவில் மேல் மணி உட்காரும், அது இடைப்புள்ளி. 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை என்று வாசலில் போடுவோமே, அதை அப்படியே பிரிக் ஸ்டிச்சில் எடுங்கள். நடு வரிசையில் 15 மணி, அடுத்த வரிசை தானாகவே ஒன்று குறைந்து 14, அப்புறம் 13, இப்படி 8 வரை, திரும்ப நடு வரிசைக்கு வந்து கீழ்ப்பக்கமும் அதேபோல். மொத்தம் 169 மணி. 11/0 டெலிகா மணி (ஒரே அளவாக வரும் குழாய் வடிவப் பொடி மணி, 11/0 என்பது அதன் அளவு எண்) என்றால் ஒரு கிராம்கூட ஆகாது, அகலம் 24 மில்லிமீட்டர், உயரம் 20க்குப் பக்கம், ஒரு கம்மலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். கோலத்தின் கோட்டை மறந்துவிடுங்கள், கோடு எந்தப் புள்ளிகளைத் தொட்டுப் போகிறதோ அந்த மணிகளுக்கு மட்டும் நிறம் மாற்றுங்கள். சிக்குக் கோலம் மட்டும் இதில் நேரடியாக வராது, அங்கே கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகிறது, அதற்குப் புள்ளிக்கு நடுவேயும் மணி வைக்கிற பெரிய கட்டம் வேண்டும். அது பிறகு.

கட்டத்தில் இன்னொரு பொறி உண்டு, யூடியூபில் இதைப் பலரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் சதுரக் கட்டத்தில் வட்டம் வரைந்து பெயோட்டில் எடுத்தால் முட்டை வரும். மணி சதுரம் இல்லை, அதனால்தான். 11/0 டெலிகா ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் குறுக்கு, 1.3 மில்லிமீட்டர் நீளம். 20க்கு 20 வரைந்தால் அகலம் 26, உயரம் 32 என்று நிற்கும். சௌகார்பேட்டையில் கிலோவாகக் கிடைக்கிற சுகர் பீட்ஸில் இன்னும் மோசம், ஒரே பாக்கெட்டில் தடித்ததும் மெலிந்ததும் கலந்திருக்கும். அதனால் எந்தப் படத்தையும் வரைவதற்கு முன்னால், நீங்கள் வாங்கின மணியிலேயே 10க்கு 10 ஒரு துண்டு பின்னி, ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அளவுக்குக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

மணி தரம் பற்றிச் சுருக்கமாக. உள்ளே நிறம் பூசினது, மேலே உலோகப் பூச்சு போட்டது எல்லாம் நம்ம ஊர் வியர்வைக்குத் தாங்குவது கடினம். நாலு மணியை நெயில் பாலிஷ் ரிமூவரில் ஒரு ராத்திரி போடுங்கள், நாலை மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் வையுங்கள், மீதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் தெரிந்துவிடும். கண்ணாடியே நிறமாக இருக்கிற மணி இதெல்லாம் தாங்கும். அப்புறம் தங்கூசி நரம்பில் கோர்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது நாளாக நாளாக விறைத்து, வெயிலில் நொறுங்கும். மாலைக்குக் கியர் ஒயர், அதாவது பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய எஃகுக் கம்பி, பின்னலுக்கு ஃபயர்லைன் மாதிரி நூல். ஃபயர்லைனும் மீன்பிடிக்கச் செய்த நூல்தான், ஆனால் ஒற்றை நரம்பு இல்லை, பல இழை சேர்ந்தது.

இனி பயணம். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பயணமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் கிடைக்காத ஒன்று அதில் உண்டு, மணியைச் செய்கிறவர்களைப் பார்ப்பது. குஜராத் பயணத்தில் கல் மணி செய்கிற ஊரான கம்பாத் இருந்தால் அந்த ஒரு நாளுக்காகவே போகலாம். பழுப்பாக இருக்கிற அகேட் கல்லைச் சட்டியில் வைத்துச் சாணி நெருப்பில் சுட்டு, உள்ளே இருக்கிற இரும்புச் சத்து மாறிச் சிவப்பாக வருவதைப் பார்த்தால், அதற்குப் பிறகு கார்னீலியன் என்கிற அந்தச் சிவப்புக் கல் மணியைக் கையில் எடுக்கும்போது சும்மா ஒரு சிவப்பு மணியாகத் தெரியாது. ஆனால் அங்கே கல் தேய்க்கிற தூசியில் நுரையீரல் கெட்டு, சிலிக்கோசிஸ் வந்து செத்தவர்கள் நிறைய. குழுவில் போகிறவர்களுக்கு அதைக் காட்டமாட்டார்கள், நீங்களாகக் கேளுங்கள், எந்தப் பட்டறையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள், தூசி உறிஞ்சும் மெஷின் இருக்கிறதா என்று பார்த்து அங்கே வாங்குங்கள். சௌராஷ்டிரப் பக்கத்து மோதி பரத் என்கிற மணி வேலைத் தோரணங்களை அருங்காட்சியகத்தில் பார்த்தாலும் வெறும் யானை, மயில் என்று கடந்து போகாதீர்கள், வெள்ளை மணி எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று நண்டை எண்ணின மாதிரி எண்ணுங்கள்.

அதே காசில் பத்தில் ஒரு பங்கு செலவழித்து இங்கேயே பார்க்கக்கூடியதும் உண்டு. ஆந்திராவில் ரேணிகுண்டா பக்கத்தில் பாபநாயுடுபேட்டையில் கண்ணாடியை உருக்கி, நீளமான குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, முனை மழுங்கச் சாம்பலோடு சேர்த்துத் திரும்பச் சூடுபடுத்தி மணி செய்கிற பழைய முறை இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் செய்த மணிகளும் அந்த வகைதான், இந்தோ பசிபிக் மணிகள் என்பார்கள், கடல் தாண்டி தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போயிருக்கின்றன. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே போனால் மண்ணும் மாமரமும் இடிந்த செங்கல் சுவரும்தான், மணிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பாருங்கள். அரிக்கமேட்டில் மண்ணில் மணி கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம். இதெல்லாம்கூட வேண்டாம் என்றால், நம்ம சென்னை முத்தியால்பேட்டை பவளக்காரத் தெருவில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து இங்கிருந்து வைரம் வாங்கிப் போன யூத வணிகர்கள் இருந்த தெரு அது, நாம் ஷேர் ஆட்டோவில் கவனிக்காமலே கடந்து போகிற இடம்.

பயணம் நடத்துகிறவரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நேராகவே கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மணி கோர்க்கப் போகிறோம் என்று கேளுங்கள், மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் அது சுற்றுலா, சுற்றுலாவாக நினைத்துப் போகலாம், பட்டறைக்கான காசு கொடுக்க வேண்டாம். குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். என் வீட்டில் 8 பேருக்கு மேல் போனால் ஒவ்வொருவர் நோட்டையும் என்னால் பார்க்க முடிவதில்லை, அவர் 25 பேரைக் கூட்டிப் போனால் எப்படிப் பார்ப்பார் என்று அவரே சொல்லட்டும். எல்லாரும் ஒரே கிட் வைத்து ஒரே மாலையைச் செய்து திரும்புவார்களா, இல்லை ஆளுக்கு ஒரு மாதிரியா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒரே மாலை என்றால் உங்களுக்கு அது தேவையே இல்லை, பார்த்துச் செய்வதுதான் உங்களுக்கு ஏற்கெனவே வருகிறதே. போன வருடம் போனவர்கள் செய்த நகைகளைக் காட்டச் சொல்லுங்கள், பத்தும் ஒரே மாதிரி இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் அங்கே செய்கிற டிசைனை அவர் தன் பெயரில் விற்கமாட்டார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. சொந்த டிசைன் வந்துவிட்டால் விற்பனை கூடுமா என்று கேட்டால், கூடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். என் அனுபவத்தில் முதல் ஆறு மாதம் குறைந்தது. யூடியூப் மாடல் கேட்டு வந்தவர்கள் போனார்கள், புதியவர்கள் வரக் கொஞ்சம் நாள் ஆனது. உங்கள் வீட்டு வருமானம் இதை நம்பி இருந்தால் பழைய மாடலை நிறுத்தாதீர்கள், பத்துக்கு இரண்டு சொந்தமாகச் செய்தால் போதும். அதேபோல வண்ணச் சக்கரம் வைத்து நிறம் சேர்க்கச் சொல்லித் தருவார்கள், அதைப் படித்து நன்றாக வந்தவர்களும் உண்டு, அதில் சிக்கி ஒரு நிறம்கூட எடுக்க முடியாமல் போனவர்களும் உண்டு. எனக்கு நண்டை எண்ணுவது போதுமாக இருந்தது, உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்று வாரம் இருக்கிறது என்றீர்கள். முதல் ஞாயிறு காசிமேட்டுக்குப் போய் ஒரு பொருள் எடுத்து 20 கட்டம் நிரப்புங்கள், அந்த வாரமே விரல் நீளத்துக்கு ஒரு மாதிரி கோருங்கள், மாலையாக வேண்டாம். இரண்டாவது வாரம் 15 புள்ளி இடைப்புள்ளியில் உங்கள் அம்மா போடுகிற ஒரு கோலத்தை 169 மணியில் எடுங்கள். மூன்றாவது வாரம் உங்கள் தெருவிலேயே ஏதாவது ஒன்று, பூக்கடை வாளியோ கோயில் கதவோ, நீங்களே தேடணும். மூன்று மாதிரியையும் பயணம் நடத்துகிறவரிடம் எடுத்துப் போய்க் காட்டி, இதில் அடுத்து என்ன செய்யணும் என்று கேளுங்கள். மணியைக் கையில் வாங்கிப் பார்த்து, இந்த வரிசையில் வெள்ளை அதிகம், இங்கே நூல் இழுக்கிறது என்று பேசினால் 45,000 கொடுத்துப் போங்கள். சூப்பர், அருமை என்று சொல்லிவிட்டு ரசீது புத்தகத்தை எடுத்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.